எங்கள் வீட்டிற்கு எந்த அடுப்பு?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

முன்னுரை

“நெருப்பில்லாமல் புகையாது” என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. ஆனால் புகையில்லாமல் நெருப்பு உண்டா? கடந்த கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி இதுதான்.

எங்கள் ஊர் சீயமங்கலம். செஞ்சிக் கோட்டையைக் காண வருகிறவர்களில் சிலர், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயிலைக் காண எங்கள் ஊருக்கும் வருவார்கள். பாறையைக் குடைகிறவர் ஒரு முறை தவறாகச் செதுக்கிவிட்டால் பிறகு திருத்த முடியாது. அடுப்பங்கரை கட்டுவதும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதை இந்த விடுமுறையில் கற்றுக்கொண்டேன்.

ஓடு வேய்ந்த எங்கள் பழைய அடுப்பங்கரையின் ஒரு பக்கச் சுவர் மழையில் சரிந்துவிட்டது. அப்பா அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினார். சுவர் இடுப்பளவு எழும்பியதும் மேஸ்திரி, “என்ன அடுப்புன்னு சொல்லுங்க. புகைபோக்கிக்கு ஓட்டை விடணுமா, பிளக் பாயிண்டு வைக்கணுமா, சிலிண்டருக்கு இடம் விடணுமா? சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. அப்புறம் சுவரை உடைக்கச் சொல்லாதீங்க” என்றார்.

வீட்டில் நான்கு கருத்துகள் எழுந்தன. ஆயாவுக்கு விறகடுப்பு வேண்டும். அம்மாவுக்குக் காஸ் அடுப்பு. அப்பாவுக்கு, கடையில் பார்த்த இண்டக்ஷன் அடுப்பு. தம்பிக்கோ கேக் சுடும் ஓவன்! கையில் இருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். “நீ சயின்ஸ் படிக்கிற பொண்ணு, எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லும்மா” என்று அப்பா என்னிடம் விட்டுவிட்டார். நான் கேட்டும் படித்தும் கணக்குப் போட்டும் அறிந்தவற்றைத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

அடுப்பின் மூன்று வேலைகள்

அடுப்புக்கு வேலைகள் மூன்று. முதலாவது, எரிபொருளை நன்றாக எரிப்பது. இரண்டாவது, அந்த வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொண்டு சேர்ப்பது. மூன்றாவது, சமைப்பவருக்குத் தீங்கு வராமல் காப்பது. நாம் பெரும்பாலும் விலையையும் பளபளப்பையும் பார்க்கிறோமே தவிர, இந்த மூன்றாவதைக் கேட்பதேயில்லை. எங்கள் வீட்டில் அதைக் கேட்டவர் ஒரு மருத்துவர்.

ஆயாவுக்கு விடியற்காலையில் இருமல் தொடங்கினால் வெயில் ஏறும்வரை நிற்காது. சென்ற ஆண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் மார்பில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, “பீடி பிடிப்பீங்களா?” என்று கேட்டார். ஆயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. “வீட்டில் விறகடுப்பா? எத்தனை வருஷமா?” என்றார். “கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து” என்றார் ஆயா. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல்!

விறகடுப்பு

விறகடுப்பை நான் குறைவாகப் பேச மாட்டேன். எங்கள் கொல்லையிலேயே வேலிக்காத்தான் கிடைக்கிறது. மல்லாட்டைத் தோலும் வறட்டியும் கிடைக்கின்றன. எங்கள் அடுப்போடு ஒட்டியிருந்த கொடியடுப்பு அறிவுள்ள ஓர் அமைப்பு. பெரிய அடுப்பில் வீணாகும் வெப்பம் உள்வழியாகச் சென்று இரண்டாவது பாத்திரத்தைச் சுட வைக்கிறது. அதை முதன்முதலில் கண்டுபிடித்தவள் யாரோ ஒரு தாயாகத்தான் இருக்க வேண்டும்!

ஆனாலும் குறை பெரிது. விறகு சூடேறும்போது அதிலிருந்து வாயுக்கள் வெளிப்படுகின்றன. அவை முழுவதும் எரியப் போதிய காற்றும் மிகுந்த வெப்பமும் வேண்டும். மூன்று கல் அடுப்பில் இவ்விரண்டும் சேர்ந்து அமைவதில்லை. எரியாமல் தப்பியவைதாம் புகையாகவும் கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் வெளியேறுகின்றன. கார்பன் மோனாக்சைடு இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புகையின் நுண்துகள்களோ மூக்கில் நிற்காமல் நுரையீரலின் ஆழம் வரை செல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர். அவர்களில் 2,37,000-க்கு மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தைகள் அவர்கள்!

இக்குறையைப் போக்க நம் நாட்டில் பலர் முயன்றுள்ளனர். ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்பவர் புகைபோக்கியோடு கூடிய அடுப்பை உருவாக்கி, புகையற்ற சமையலறைகளைப் பற்றி 1953-ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ‘அஸ்த்ரா’ குழுவினர் மூன்று பாத்திரங்கள் வைக்கும் அடுப்பை அமைத்தனர். 1983-இல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கென நாடு முழுவதும் ஒரு திட்டம் தொடங்கி 2002 வரை நடத்தியது. ஆனால் பல வீடுகளில் புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது. மண் வெடித்தது. சரிசெய்ய ஆளில்லை. பழைய அடுப்பே திரும்பி வந்தது. ஒரு கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, அதைப் பழுது பார்க்க ஊரில் ஆள் வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

மண்ணெண்ணெயும் சாணமும் சூரியனும்

பம்பு ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் ஒரு காலத்தில் எல்லா வீடுகளிலும் இருந்தன. 1970-களில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் உருவாக்கிய ‘நூதன்’ ஸ்டவ்வைப் பற்றி அப்பா இன்றும் பேசுவார். ஆனால் மண்ணெண்ணெயிலும் புகை உண்டு. ஸ்டவ் கவிழ்ந்தால் பேராபத்து. ரேஷன் கடையில் கிடைக்கும் அளவும் மிகவும் குறைந்துவிட்டது.

சாண எரிவாயு மிக நல்லது. வாயு வெளிவந்த பிறகு எருவும் மிஞ்சும். ஆனால் ஒரு குடும்பத்துக்குப் போதுமான 2 கன மீட்டர் கலனுக்கு நாள்தோறும் சுமார் 50 கிலோ சாணம் தேவை. அதற்கு நான்கைந்து மாடுகள் வேண்டும். எங்களிடம் இருப்பவை இரண்டே!

சூரியனாலும் சமைக்கலாம். விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில், 1997-இல் திறக்கப்பட்ட சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் அகலமுள்ள பெரிய கிண்ணம் அமைத்தார்கள். அதிலுள்ள கண்ணாடிகள் வெயிலை ஒரே இடத்தில் குவித்து நீராவி உண்டாக்கும். ஆயிரம் பேருக்குச் சமைக்கும் கூடத்துக்கு அது பொருத்தம். காலை ஐந்து மணிக்குக் காபி போடும் எங்கள் வீட்டுக்குச் சூரியன் அவ்வளவு சீக்கிரம் வருவதில்லையே!

காஸ் அடுப்பு

திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயுவை 1955-இல் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் வீடுகளுக்கு வழங்கத் தொடங்கியது. 1965-இல் கல்கத்தாவில் முதல் ‘இண்டேன்’ இணைப்பு தரப்பட்டது. பிறகு 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகளுக்கும் சிலிண்டர் வந்தது. எங்கள் வீட்டிலும் ஓர் இணைப்பு இருந்தது. ஆனால் அது விருந்தினர் வந்தால் டீ போட மட்டும்தான். மற்ற நாட்களில் அதன்மேல் முறத்தைக் கவிழ்த்து வைத்திருப்போம். அடுத்த சிலிண்டருக்குப் பணம் வேண்டுமே என்ற அச்சமே காரணம். எங்கள் தெருவில் பல வீடுகளின் கதையும் இதுதான்.

காஸ் அடுப்பில் வாயுவும் காற்றும் முன்கூட்டியே கலந்து எரிகின்றன. அதனால் சுடர் நீலமாக இருக்கிறது. சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்று போதவில்லை என்று பொருள். உடனே பர்னரைக் கழற்றித் துடைக்க வேண்டும்.

காஸைப் பற்றி அம்மாக்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஆகவே மேலே ஜன்னல் இருந்தால் மட்டும் போதாது, தரையை ஒட்டியும் காற்றுவழி வேண்டும். இயல்பாக மணமற்ற வாயுவில், கசிவை நாம் அறிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். கசிவு இருக்கிறதா என்று சோப்பு நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். ஒருபோதும் தீக்குச்சி கிழித்துப் பார்க்கக் கூடாது! நாற்றம் வந்தால் மின் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும். ரப்பர்க் குழாயை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஆங்கில எழுத்து ஒன்றும் ஆண்டும் பொறித்திருக்கும். ‘ஏ’ என்றால் மார்ச், ‘பி’ என்றால் ஜூன், ‘சி’ செப்டம்பர், ‘டி’ டிசம்பர். சிலிண்டரை மறுபடி சோதிக்க வேண்டிய காலம் அது. அந்தக் காலம் கடந்திருந்தால் வாங்காதீர்கள்.

இண்டக்ஷன் அடுப்பு

1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. கண்ணாடித் தகட்டுக்கு அடியில் ஒரு கம்பிச்சுருள் உண்டு. அதில் வேகமாகத் திசை மாறும் மின்சாரம் பாயும்போது மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அது பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவற்றால் பாத்திரமே சூடாகிறது. தீயும் இல்லை, வீட்டுக்குள் புகையும் இல்லை.

அப்படியானால் இதையே வாங்கலாமே என்று நானும் நினைத்தேன். எங்கள் சிஸ்டர் ஒரு காந்தத்தைக் கொடுத்து, “வீட்டிலுள்ள பாத்திரங்களின் அடியில் ஒட்டிப் பார்” என்றார். அலுமினியக் குண்டானில் ஒட்டவில்லை. பித்தளைப் பானையில் ஒட்டவில்லை. எவர்சில்வர் பாத்திரங்களில் ஒன்று ஒட்டியது, மூன்று ஒட்டவில்லை. இரும்புத் தோசைக்கல் ஒட்டியது, ஆனால் அதன் அடி நடுவில் குழிந்திருந்தது. மீன் குழம்பு வைக்கும் மண்சட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அடுப்பு ஒன்று வாங்கினால் பாத்திரங்கள் பத்து வாங்க வேண்டும்!

மேலும் இவ்வகை அடுப்புகள் பெரும்பாலும் 2000 வாட் வரை மின்சாரம் இழுப்பவை. சாதாரண பிளக் பாயிண்டில் செருகக் கூடாது. நில இணைப்போடு கூடிய 16 ஆம்பியர் பாயிண்டு வேண்டும். மின்சாரம் நின்றால் சோறும் நின்றுவிடும். இன்னொன்றும் உண்டு. வீட்டில் புகை இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த மின்சாரத்துக்காக நெய்வேலி போன்ற இடங்களில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. புகை இடம் மாறியிருக்கிறது.

தம்பியின் ஓவன்

மின் ஓவன் என்பது ஒரு மூடிய பெட்டி. கம்பிகள் பழுத்து, உள்ளிருக்கும் காற்றை எல்லாப் பக்கமும் சூடாக்குகின்றன. அதனால்தான் கேக் மேலும் கீழும் ஒரே சீராக வேகிறது. மைக்ரோவேவ் ஓவனோ உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சூடேற்றுவது. ஆறிய குழம்பைச் சுட வைக்க அது நல்லது. ஆனால் இவ்விரண்டிலும் ஐந்து பேருக்குத் தினமும் மூன்று வேளையும் சமைக்க முடியாது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு வேறு வழி இருக்கிறது. பழைய இரும்புச் சட்டியில் மணலைப் பரப்பி, நடுவே ஒரு வளையம் வைத்து, அதன்மேல் கேக் மாவுப் பாத்திரத்தை வைத்து, இறுக மூடிச் சிறு தீயில் விட்டால் அதுவும் ஓவன்தான். என் வகுப்புத் தோழியின் வீட்டில் ஆண்டுதோறும் இப்படித்தான் செய்கிறார்கள். சாப்பிட்டவள் என்ற முறையில் நானே சாட்சி!

ஒரு சிறு கணக்கு

5 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொதிக்க வைப்பதாகக் கொள்வோம். தேவையான வெப்பம் 5 x 70 = 350 கிலோ கலோரி.

நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகு ஏறக்குறைய 4,000 கிலோ கலோரி தரும். ஆனால் நம் அடுப்பில் நூற்றுக்குச் சுமார் 12 பங்கே பாத்திரத்தைச் சேரும். ஆகவே முக்கால் கிலோ விறகு வேண்டும்.

ஒரு கிலோ காஸ் சுமார் 11,000 கிலோ கலோரி தரும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற புதிய அடுப்பில் நூற்றுக்கு 68 பங்காவது பாத்திரத்தைச் சேர வேண்டும் என்பது விதி. வீட்டில் 65 என்று கொண்டால் 49 கிராம் காஸ் போதும்.

ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி. இண்டக்ஷன் அடுப்பில் அதில் 85 பங்கு பயன்படுவதாகக் கொண்டால் ஏறக்குறைய அரை யூனிட் செலவாகும்.

இவ்வாறே பெருக்கிப் பார்த்தால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலைக்குச் சுமார் 210 கிலோ விறகோ சுமார் 140 யூனிட் மின்சாரமோ வேண்டும். உங்கள் ஊரில் இன்றுள்ள விலைகளை இதில் இட்டால் எது சிக்கனம் என்று நீங்களே சொல்லிவிடலாம். மின்சாரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிட் கூடக் கூட அதன் விலை வீதமும் கூடும். விசிறியும் மோட்டாரும் ஏற்கெனவே செலவழித்த யூனிட்டுகளுக்கு மேல்தான் அடுப்பின் யூனிட்டுகள் ஏறும்.

“எனக்கு விறகு சும்மாதானே கிடைக்குது?” என்றார் ஆயா. கணக்கில் அதற்கும் இடம் கொடுத்தேன். அம்மா வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் முள் வெட்டிக் கட்டிச் சுமக்கிறார். ஓராண்டில் 200 மணி நேரத்துக்கு மேல். கரி பிடித்த பாத்திரம் தேய்க்கும் நேரம் தனி. மருத்துவமனைச் செலவும் தனி. இதை நான் வாசித்தபோது ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் கையிலிருந்த முள் கீறல்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, காஸே வைங்க. ஆனா களி கிண்ட முடியாதே” என்றார்.

எங்கள் முடிவு

வெள்ளிக்கிழமை இரவே முடிவாயிற்று. இரண்டு பர்னர் உள்ள காஸ் அடுப்பு. எங்கள் பாத்திரங்கள் எல்லாம் அதற்கு ஏற்கும். மின்தடையில் நிற்காது. பழுது பார்ப்பவர் தேசூரிலும் செஞ்சியிலும் கிடைப்பார். இண்டக்ஷனைப் பிறகு எப்போதாவது வாங்க நேர்ந்தால் பயன்படும் என்று ஒரு 16 ஆம்பியர் பாயிண்டு மட்டும் வைத்துக்கொண்டோம். மேஸ்திரி தரையை ஒட்டிக் காற்றுவழியும், மேடைக்கு எதிரே பெரிய ஜன்னலும் வைத்தார். மேடை உயரத்தை அம்மாவை நிற்க வைத்து, முழங்கைக்குச் சற்றுக் கீழே வரும்படி அளந்தார். ஆயாவுக்கு முட்டி வலி ஆகையால் உயரமான முக்காலி ஒன்று செய்தோம். களிக்கு வழியும் கிடைத்தது. மாவு வெந்ததும் பானையைத் தரையில் இறக்கி, உட்கார்ந்தே கிண்டுகிறார். குளிக்க வெந்நீர் வைக்கவும் பொங்கலிடவும் பழைய கொடியடுப்பு வேப்ப மரத்தடிக்குப் போயிற்று. அங்கே புகை போக வானம் இருக்கிறது.

சிலிண்டர் பணத்துக்கு அச்சப்பட்டோமே, அதற்கும் வழி செய்தோம். அப்பா நாள்தோறும் ஒரு டப்பாவில் சிறு தொகை போடுகிறார். சிலிண்டர் மாற்றிய தேதியைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸால் எழுதுகிறேன். நீர் கொதித்த பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் அதன் வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் ஏறாது. கூடுதல் தீ ஆவியாகப் போவதுதான் மிச்சம். எனவே கொதி வந்ததும் தீயைக் குறைக்கிறோம். பாத்திரத்தை மூடுகிறோம். பருப்பை ஊற வைக்கிறோம். பிரஷர் குக்கரில் ஆவியின் அழுத்தத்தால் சுமார் 120 டிகிரி வரை வெப்பம் ஏறுவதால் விரைவில் வேகிறது. முதல் சிலிண்டர் 38 நாட்கள் வந்தது. இரண்டாவது 44 நாட்கள் வந்தது!

முடிவுரை

புது அடுப்பில் முதலில் பால் காய்ச்சியவர் ஆயாதான். ஆயாவின் இருமல் நின்றுவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. ஐம்பது ஆண்டுப் புகை ஐந்து மாதத்தில் போய்விடாது என்று மருத்துவர் சொன்னார். ஆனால் புதிதாக ஒன்றும் சேராது என்றும் சொன்னார். இப்போது ஆயா காலைக் காபியை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் குடிக்கிறார்.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் பலரும் ஓர் அடுப்பைத் தேர்ந்தெடுப்போம். கடைக்காரர் அதன் பளபளப்பைக் காட்டுவார். நாம் மட்டும் ஐந்து கேள்விகளை மறவாதிருப்போம். நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு ஏற்குமா? எரிபொருள் மாதந்தோறும் நம் கைக்கு எட்டுமா? பழுதானால் பார்க்க ஆள் உண்டா? ஆபத்து வராமல் காக்க நமக்குத் தெரியுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் முன்னே நாளெல்லாம் நிற்கப்போகிறவர் யார்? அவரிடம் கேட்டோமா?

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஐம்பது ஆண்டுகள் ஆயின. உங்கள் வீட்டில் இன்றே கேளுங்கள்!